கித்தானா, நீல ஷீட்டா, பிவிசியா? மூடப்போகும் சரக்கைப் பார்த்து வாங்குங்கள்

தை, மாசியில் புளி உலுக்க ஆரம்பித்ததும் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் தார்ப்பாய்க் கடைகளில் ஆள் சேர்ந்துவிடும். உள்ளே போய் "ஒரு தார்ப்பாய் வேணும்" என்றால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனைக்கு எத்தனை?" அடுத்தது "எவ்வளவு விலையில பாக்கறீங்க?" எதை மூடப்போகிறீர்கள் என்று கேட்கிற கடைக்காரர் அபூர்வம். நாமும் சொல்வதில்லை. அதனால்தான் சிமெண்டுக்கு வாங்க வேண்டியதை ராகிக்கும், ராகிக்கு வாங்க வேண்டியதை லாரிக்கும் வாங்கி வந்துவிட்டு, இப்போதெல்லாம் எந்தத் தார்ப்பாயும் நிற்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறோம்.

தார்ப்பாய், படுதா, ஷீட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கடையில் இருப்பது மூன்று வகைதான். முதலாவது கித்தான், அதாவது கேன்வாஸ். பருத்தி நூலை இரண்டு மூன்று இழையாகச் சேர்த்து முறுக்கி, பாவும் ஊடையும் நெருக்கமாக வைத்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று மிகச் சாதாரணமான நெசவில் நெய்த தடித்த துணி. அதில் மெழுகும் பூஞ்சைத் தடுப்பு மருந்தும் ஏற்றிப் பச்சையாகவோ காக்கியாகவோ விற்பார்கள். இரண்டாவது, நீலத்திலும் மஞ்சளிலும் கறுப்பிலும் மடித்து அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட். எச்டிபிஇ என்கிற பாலித்தீனை நாடா நாடாவாக்கி நெய்து, இரண்டு பக்கமும் மெல்லிய பாலித்தீன் படலம் ஏற்றியது. இதிலேயே சில்பாலின் மாதிரி, நெய்யாமல் படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்வதும் உண்டு. நம் ஊரில் பாதிப் பேர் எல்லா பிளாஸ்டிக் ஷீட்டையும் சில்பாலின் என்றே சொல்கிறார்கள். மூன்றாவது பிவிசி. பாலியெஸ்டர் துணிக்கு இரண்டு பக்கமும் பிவிசி பூசியது, தொட்டால் வழவழவென்று ரப்பர் மாதிரி இருக்கும், தூக்கினால் கை இறங்கும்.

இந்த மூன்றில் எது நல்லது என்று கேட்டால் பதில் கிடையாது. உங்கள் சரக்கு மூச்சு விடுமா விடாதா என்று கேளுங்கள், பதில் தானாக வரும்.

ராகி, புளி, கடலைக்காய், வைக்கோல், மாம்பழம், பட்டுக்கூடு எல்லாம் மூச்சு விடுகிற சரக்கு. அறுத்த பிறகும் அதற்குள் ஈரம் இருக்கும், பகல் சூட்டில் அது ஆவியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். சிமெண்ட், உரம், கம்பி, எம் சாண்ட் இவையெல்லாம் மூச்சு விடாத சரக்கு. அவற்றுக்கு வெளியிலிருந்து வரும் தண்ணீர் மட்டும்தான் எதிரி.

ராகியைப் பாருங்கள். மானாவாரி ராகி நம் இரண்டு மாவட்டத்திலும் பெரும்பாலும் மார்கழி, தை வாக்கில் களத்துக்கு வரும். அந்த மாதங்களில் நம் பக்கம், அதிலும் ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம், பகலில் வெயில் அடிக்கும், ராத்திரி போர்வை இல்லாமல் படுக்க முடியாது. பகல் முழுக்கச் சூடேறிய குவியலை மாலையில் நீல ஷீட் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால் உள்ளே ஆவி வெளியேற வழியில்லை, ராத்திரி ஷீட் குளிர்ந்ததும் அந்த ஆவி ஷீட்டின் அடிப்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், கொஞ்ச நேரத்தில் சொட்டும். காலையில் திறந்து பார்த்தால் மேல் தானியம் பிசுபிசுவென்று இருக்கும். ராத்திரி மழையே இல்லையே, எப்படி நனைந்தது என்று ஷீட்டில் ஓட்டை தேடுவார்கள். ஓட்டை இல்லாததுதான் காரணம். அந்தத் தண்ணீர் ராகிக்குள் இருந்தே வந்தது.

கித்தானில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. மெழுகு ஏற்றியிருந்தாலும் நூல்களுக்கு நடுவே ஆவி போகுமளவு வழி இருக்கும், கொஞ்சம் கோத்தாலும் பருத்தி அதைத் தானே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாலியெஸ்டரில் அது அரை சதவீதம்கூட இருக்காது, பாலித்தீனில் கிட்டத்தட்டச் சுழி.

இது சின்ன விஷயம் இல்லை. ராகியைச் சேமிக்க ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கடலைக்காய் என்றால் 8 சதவீதத்துக்குப் பக்கத்தில். கடலைக்காய் நனைந்து புழுங்கினால் வரும் பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நஞ்சை விடும், அதை வறுத்தாலும் முழுசாகப் போகாது. இந்திய உணவுக் கழகம் நெல், கோதுமையைத் திறந்தவெளியில் அடுக்கிக் கறுப்பு பாலித்தீன் உறை போட்டு வைக்கிறது, அவர்களே வானம் வெளுத்த நாளில் உறையைத் தூக்கிக் காற்றாட விட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கால் மூடலாம், தவறில்லை, தினமும் திறந்துவிட ஆள் வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆள் இருக்கிறதா என்று உங்கள் வீட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

துணி எப்படி மழையை நிறுத்துகிறது

பருத்தி நனைந்தால் நூல் பருக்கும். நெருக்கி நெய்த கித்தானில் நூல் பருத்தால் நடுவே இருக்கும் ஊசித்துளைகள் அடைபடும். அதோடு மெழுகும் சேர்ந்துவிட்டால் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். இன்னொரு நல்ல குணமும் உண்டு: பருத்தி நூல் காய்ந்திருக்கும்போது இருப்பதைவிட நனைந்திருக்கும்போது வலு கூடுதலாக இருக்கும். புதுக் கித்தான் முதல் மழையில் லேசாக உள்ளே கசியும், பயப்பட வேண்டாம், ஒருமுறை நனைந்து காய்ந்தால் துணி சுருங்கி இறுகிவிடும். சுருங்கும் என்பதால் அளவைக் கொஞ்சம் தாராளமாகவே வாங்குங்கள். கச்சிதமாக வாங்கினால் இரண்டாவது வருடம் மூலை எட்டாது.

ஆனால் கித்தானுக்கு ஒரு பலவீனம் உண்டு, கூடாரத்தில் படுத்தவர்களுக்குத் தெரியும். வெளியே மழை பெய்யும்போது உள்ளேயிருந்து துணியைத் தொட்டால் தொட்ட இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும். துணிமேல் நிற்கும் நீரை உள்ளே விடாமல் பிடித்திருப்பது அதன் பரப்பு இழுவிசை, தொட்டதும் அது அறுந்து தண்ணீருக்கு உள்ளே இறங்க வழி கிடைத்துவிடுகிறது. குவியலின் முனை, மூட்டையின் காது, லாரிப் பலகையின் விளிம்பு எல்லாம் அந்தத் தொடும் விரல் வேலையைச் செய்யும். அதனால் கித்தானைச் சரக்கின்மேல் அப்படியே பரப்பாமல், நடுவில் ஒரு மூங்கிலைக் கொடுத்து மாட்டுக்கொட்டகைக் கூரை மாதிரி சரிவாக நிறுத்திக் கட்டுவதுதான் சரி. குழிவிழுந்து தண்ணீர் தேங்கினால் எந்தக் கித்தானும் தோற்கும்.

பழைய கதையில் ஒரு பாடம் இருக்கிறது

கேன்வாஸ் முதலில் பருத்தியில் நெய்யப்பட்டதல்ல, ஐரோப்பாவில் சணல், ஆளி நாரில் நெய்தார்கள். இந்தச் சணல் நம் கோணிச் சணல் இல்லை, கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும் நார். கப்பலுக்குப் பாய், கூடாரம், மூட்டை எல்லாம் அதுதான். ஈர உப்புக்காற்றில் சுவரோவியம் தாங்காத வெனிஸ் நகரத்தில், கப்பல் பாய்த்துணி தாராளமாகக் கிடைத்ததால் 16ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் அதன்மேலேயே வரைய ஆரம்பித்தார்கள். பருத்திக் கேன்வாஸ் பேர் வாங்கியது அமெரிக்காவால். 1851இல் இங்கிலாந்துக்குப் போய்ப் படகுப் போட்டியில் ஜெயித்த 'அமெரிக்கா' என்ற படகு இயந்திரத்தில் நெய்த பருத்திப் பாய் கட்டியிருந்தது, எதிராளிகளின் ஆளிநார்ப் பாய்கள் தொளதொளவென்று காற்றை விட்டுவிட்டன. இங்கே கான்பூரின் எல்ஜின், மியூர் மில்கள் வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவக் கூடாரத்துக்குப் பேர்போனவை. நம் ஊருக்கும் கூடாரத்துக்கும் உறவு உண்டு: 1792இல் பாரமஹால் என்று அப்போது பெயர் பெற்றிருந்த நம் பகுதி கும்பினி கைக்கு வந்த பிறகு அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோவும் இங்கே வரி போட வந்தார்கள், அந்தக் காலத்து வரி அதிகாரிகள் ஊர் ஊராகச் சுற்றும்போது தங்கியது துணிக் கூடாரத்தில்தான்.

பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது, பாலியெஸ்டர் நூல் 1941இல். அதற்குப் பிறகு கித்தானின் கதை இறங்குமுகம். 1950களிலேயே படகுப் பாய் பாலியெஸ்டருக்கு மாறியது, மலையேறுபவர் கூடாரம் நைலானுக்கு மாறியது, லாரி பிவிசிக்கு மாறியது. மாறாமல் நின்றவை எவை என்று பாருங்கள்: நாள்கணக்கில் ஆள் படுத்துத் தூங்கும் பெரிய கூடாரம், ஓவியம், செருப்பு, ஷூவின் மேல்துணி, தோள்பை, சாய்வு நாற்காலித் துணி. தோலோ மூச்சோ படுகிற இடத்திலெல்லாம் கித்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, தண்ணீரையும் காற்றையும் அடித்து நிறுத்த வேண்டிய இடத்திலிருந்து வெளியேறிவிட்டது. நீங்கள் வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இதேதான்.

கித்தானின் குறைகளை மறைக்க வேண்டாம்

கனம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 24க்கு 18 அடி என்பது சுமார் 40 சதுர மீட்டர். கித்தானை அவுன்ஸ் கணக்கிலும் சொல்வார்கள். சதுர கஜத்துக்கு 18 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 610 கிராம். ஆக அந்தப் படுதா 24 கிலோவுக்கு மேல். அதே அளவில் 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம், பிளாஸ்டிக் ஷீட் 8 கிலோ. மெழுகு போய்விட்ட பழைய கித்தான் நனைந்துவிட்டால் கனம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதைத் தூக்கி உதற இரண்டு பேர் போதாது. கோடை மழை கொட்ட ஆரம்பிக்கும்போது வீட்டில் ஒரு பெரியம்மாவும் பள்ளிப் பிள்ளையும்தான் இருக்கிறார்கள் என்றால் கித்தான் களத்து மூலையிலேயே கிடக்கும், ராகி நனையும். 8 கிலோ ஷீட் என்றால் அவர்களே இழுத்துப் போட்டுவிடுவார்கள். இதைச் சொல்லாமல் கித்தானைப் புகழ்வதில் அர்த்தமில்லை.

விலை. சதுர அடிக்கு நீல ஷீட்டைப்போலப் பல மடங்கு.

மட்குதல். பருத்தி என்பது செல்லுலோஸ், பூஞ்சைக்கு அது சாப்பாடு. ஈரத்தோடு மடித்து வைத்த கித்தான் சில நாளிலேயே கறுப்புப் புள்ளி விட்டு, அப்புறம் கை வைத்தால் கிழியும். தாமிர உப்பு மருந்து ஏற்றிய துணி கூடுதல் நாள் தாங்கும், பச்சை நிறம் பலவற்றில் அதனாலும் வருவது, ஆனால் சாயமும் பச்சைதான் என்பதால் நிறத்தைப் பார்த்து நம்பக் கூடாது. எலிக்கும் கித்தான் பிடிக்கும்.

பிளாஸ்டிக் ஷீட்டின் சாவு வேறு விதம். அதைக் கொல்வது வெயில். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு நாடா நொறுங்கி, கடைசியில் தூக்கினால் செதில் செதிலாக உதிரும், அந்தத் துணுக்கெல்லாம் நம் வயலிலும் மாட்டு வயிற்றிலும்தான் போய்ச் சேரும். கரிப்பொடி கலந்த கறுப்பு ஷீட் மற்ற நிறங்களைவிட வெயிலை நன்றாகத் தாங்கும், ஆனால் சூட்டையும் அதிகம் வாங்கும். பிவிசியை மென்மையாக வைத்திருப்பது அதில் கலக்கும் எண்ணெய் போன்ற பொருள். அது வருடக்கணக்கில் மெல்ல வெளியேறிவிடும், பிறகு மடிப்பில் வெடிப்பு விழும். இருந்தாலும் மூன்றில் முரட்டு உழைப்புக்குப் பிவிசிதான். கிழிந்தாலும் சூடான காற்றில் ஒட்டுப்போட்டுவிடலாம், தையல் ஓட்டைகூட இல்லாமல்.

எந்தச் சரக்குக்கு எது

லாரிக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். கிருஷ்ணகிரியில் நின்று பார்த்தால் வடமேற்கே பெங்களூரு, தெற்கே சேலம், கிழக்கே சென்னை என்று போகும் வண்டிகளில் கித்தான் குறைந்துகொண்டே போகிறது. வேகமாக ஓடும் வண்டியில் படுதா நாளெல்லாம் காற்றில் அடிபடும், தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் கட்டு தளர்ந்தால் படபடவென்று தானே தன்னைக் கிழித்துக்கொள்ளும். மெல்லிய நீல ஷீட் அந்த அடியைத் தாங்காது. சிமெண்ட், உரம், அட்டைப்பெட்டிச் சரக்கு, ஓசூர் சிப்காட்டுக்குப் போகும் இரும்பு உதிரிபாகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிவிசி. தானியம்கூட ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரிப் பயணம் என்றால் பிவிசிக்குள் கெட்டுப்போகாது, காய்ந்த சரக்காக இருந்தால் சரி. மூச்சு விஷயம் நாள் ஏற ஏறத்தான் வினையாகும். கல் குவாரி ஜல்லிக்கும் எம் சாண்டுக்கும் தூசி பறக்காமல் இருந்தால் போதும், விலை குறைந்த ஷீட்டே தாராளம்.

மாம்பழம் தனிக்கதை. பெங்களூரா காயைக் கூழ் ஆலைக்கு ஏற்றிப்போகும் வண்டி ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் பருவத்தில், வண்டிக்குள் காய் தன்னாலேயே சூடேறிக்கொண்டிருக்கும். அதன்மேல் பிளாஸ்டிக்கை இறுக்கிக் கட்டினால் நடுவில் இருக்கும் காய் வெந்த மாதிரி ஆகிவிடும். இதற்குக் கித்தான்கூட மேலே மட்டும் போதும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும்; வெயில் மட்டும்தான் பிரச்சினை என்றால் நிழல்வலை இன்னும் நல்லது. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளிக்கும் இதே பேச்சு. பட்டுக்கூடு என்றால் இன்னும் கவனம், உள்ளே உயிரோடு புழு இருக்கிறது. தருமபுரி சந்தைக்குக் கொண்டுபோகும் வழியில் தூறல் வந்தால் கித்தானை மேலே கூடாரமாகப் பிடியுங்கள், பிளாஸ்டிக்கைக் கூட்டின்மேல் படியவிடாதீர்கள்.

புளிக்கும் ராகிக்கும் என் கணக்கு கொஞ்சம் வேறு. அடியில் கித்தான் விரிக்கக் கூடாது. பலர் கனமான துணிதானே, களத்தில் விரித்துக் காயப்போடலாம் என்று செய்கிறார்கள். தரை ஈரத்தைக் கித்தான் கீழிருந்து உறிஞ்சி சரக்குக்கு ஏற்றும், தானும் மட்கும், புளியின் பிசின் ஒட்டினால் கழுவவும் முடியாது, கழுவினால் மெழுகு போய்விடும். அடி விரிப்புக்கு பிளாஸ்டிக் ஷீட்தான் சரி: தரை ஈரத்தை நிறுத்தும், ஈரத்துணியால் துடைத்தால் சுத்தம், நாலு மூலையைப் பிடித்தால் சரக்கு நடுவில் குவியும். மேல் மூடாக்குக்குக் கித்தான். ஆக கீழே பிளாஸ்டிக், மேலே துணி. நம் பக்கம் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிர், பழைய கித்தானைக் கீழே போட்டுப் புது நீல ஷீட்டால் மூடுவார்கள்.

வைக்கோல் போருக்கும் ராகித்தாள் போருக்கும் உச்சியில் மட்டும் தொப்பி மாதிரி ஷீட் போட்டால் போதும், பக்கத்தை மூடாதீர்கள். இங்கே விலை குறைந்த ஷீட்டே சரி, உச்சியில் காற்று போக ஒரு சாண் இடம் விட்டால். போர் ஈரமாக இருக்கும்போது இறுக்கி மூடினால் உள்ளே சூடேறிக் கறுத்துவிடும்.

கிடங்கில் மூட்டைகளுக்குப் புகைமருந்து வைப்பவர்கள் மறந்தும் கித்தானால் மூடக் கூடாது. துணி ஆவியை விடுகிற மாதிரியே நச்சு வாயுவையும் விடும். மருந்து வேலை செய்யாது என்பது ஒரு பக்கம், ஆளுக்கே ஆபத்து என்பது பெரிய பக்கம். அதற்கென்று இருக்கும் வாயு புகாத ஷீட்தான் வேண்டும், பயிற்சி பெற்றவர் கையால்தான் மருந்து வைக்க வேண்டும்.

டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், மோட்டார் போன்றவற்றை மாதக்கணக்கில் மூடி வைப்பதானால் கித்தான். இரும்பு மூச்சு விடாது என்பது உண்மைதான், ஆனால் இங்கே பகல் சூடும் ராத்திரிக் குளிரும் சேர்ந்து பிளாஸ்டிக்குக்கு உள்ளே வியர்க்க வைக்கும், அந்த வியர்வையில் இரும்பு துருப்பிடிக்கும். ஒகேனக்கல் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கும் ஆசை இருப்பவர்களுக்கு ஒரே பேச்சு: ஒரு ராத்திரிக்கு முதுகில் சுமந்து போவதானால் நைலான் கூடாரம், ஜீப்பில் ஏற்றிப்போய்க் குடும்பத்தோடு நாலு நாள் தங்குவதானால் கித்தான்.

அடுப்புப் பக்கம், கல்யாணப் பந்தியில் சமையல் கொட்டகைப் பக்கம் பிளாஸ்டிக்கைக் கட்டாதீர்கள். தீப்பட்டால் பாலித்தீன் உருகிச் சொட்டும், சொட்டு தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். கித்தான் கருகும், உருகிச் சொட்டாது. மெழுகு ஏற்றியதென்றால் அதுவும் நன்றாகவே எரியும் என்பதால் அடுப்புக்கு மேலே தகரம்தான் சரி.

கடையில் எதைப் பார்ப்பது

கித்தான் என்று தருவதெல்லாம் பருத்தி இல்லை. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சி வைத்துப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகச் சுருளும். மெழுகு ஏற்றிய நூல் கொஞ்சம் வேகமாகவே பிடிக்கும், முடிவில் சாம்பலா மணியா என்பதைப் பாருங்கள். கலப்பு நூல் கெட்டது என்று சொல்ல மாட்டேன், கலப்பு சீக்கிரம் மட்காது, எடையும் குறைவு. ஆனால் கலப்புக்கு முழுப் பருத்தி விலை கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது தண்ணீர். துணியின் ஒரு மூலையை வாளி வாய்மேல் குழியாகத் தொங்கவிட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். அடிப்புறம் லேசாகக் கறுத்திருந்தால் பரவாயில்லை, சொட்டினால் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு விடைதான்.

ஓரத்தை மடித்து உள்ளே கயிறு வைத்துத் தைத்திருக்கிறார்களா, கயிறு போகும் வளையம் பித்தளையா அலுமினியமா இரும்பா என்று பாருங்கள். இரும்பு வளையம் துருப்பிடித்தால் அந்தத் துரு சுற்றியிருக்கும் பருத்தியையே அரித்துவிடும், கித்தான் கிழிவது பெரும்பாலும் வளையத்தைச் சுற்றித்தான். தரச் சான்று கேட்பவர்களுக்கு: மெழுகேற்றிய கித்தான் தார்ப்பாய்க்கு ஐஎஸ் 2089, எச்டிபிஇ தார்ப்பாய்க்கு ஐஎஸ் 7903.

பிளாஸ்டிக் ஷீட்டில் மைக்ரான், ஜிஎஸ்எம் என்று இரண்டையும் கலந்து குழப்புவார்கள். மைக்ரான் என்பது தடிமன், ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை. எடையைத்தான் நம்மால் சோதிக்க முடியும். 24க்கு 18 ஷீட்டை 200 ஜிஎஸ்எம் என்று சொன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள், 8 கிலோ வர வேண்டும், 6 கிலோ வந்தால் அது 150தான். வேளாண்மைத் துறையில் மானிய விலைக்குத் தார்ப்பாய் வருகிற வருடங்களில் வருவதும் பெரும்பாலும் பிளாஸ்டிக் வகைதான், அதை அடி விரிப்புக்கு வாங்கிவைத்துக்கொண்டு கைக்காசைக் கித்தானில் போடலாம்.

வாங்கிய கித்தானைச் சோப்பு போட்டுத் துவைக்காதீர்கள். சோப்பு மெழுகை எடுப்பதோடு, மிச்சமிருக்கும் சோப்பு தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். உதறி, வெறும் தண்ணீரில் அலசி, இரண்டு பக்கமும் முறுகக் காய்ந்த பிறகு மடித்து, தரையில் வைக்காமல் பரண்மேலோ பலகைமேலோ போடுங்கள். மழையில் ராத்திரி மடித்துவிட்டீர்கள் என்றால் மறுநாள் வெயில் வந்ததும் பிரித்துவிடுங்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் துணி காத்திருக்காது. ஒழுக ஆரம்பித்த கித்தானுக்கு மறுபடி மெழுகு ஏற்றித் தரும் ஆட்களிடம் கொடுப்பது நல்லது. வீட்டில் டர்பன்டைனில் மெழுகைக் கரைத்துப் பூசுபவர்களும் உண்டு, அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் வீடே பிடித்துக்கொள்ளும்.

இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர், கையில் காசு கொஞ்சம்தான், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வீட்டில் ஆள் பலம் இல்லையென்றால் 200 ஜிஎஸ்எம் ஷீட்டே வாங்குங்கள், ஆனால் குவியல்மேல் படியவிடாமல் குச்சி கொடுத்து, இரண்டு முனையும் காற்றுக்குத் திறந்து கட்டுங்கள். கித்தானின் நன்மையில் பாதி அதில் வந்துவிடும். இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீடு, வருடா வருடம் ராகி, புளி, கடலைக்காய் என்று மாற்றி மாற்றி ஏதாவது களத்தில் கிடக்கும் என்றால், 24க்கு 18 ஒன்று வாங்குவதைவிட 15க்கு 12 கித்தான் இரண்டாக வாங்குங்கள். ஒவ்வொன்றும் 10 கிலோ சுற்றித்தான் வரும், ஒருவரே தூக்கலாம், ஒன்றை ஒன்று ஒரு முழம் ஏறும்படி போட்டால் மழை இறங்காது, ஒன்று மட்கினாலும் மற்றது இருக்கும்.

புதுசுக்குக் காசு போதவில்லை என்றால் லாரிப் பட்டறைகளில் கழித்துப்போட்ட பழைய கித்தான் கிடைக்கும், சல்லிசாகத் தருவார்கள். வாங்குமுன் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஊசிவெளிச்சம் தெரிகிறதா பாருங்கள், மடிப்பு விழுந்த இடத்தை இரண்டு கையாலும் பலமாக இழுங்கள். சர்ரென்று கிழிந்தால் விட்டுவிடுங்கள். இழுத்தும் தாங்கினால், நல்ல பாகத்தை மட்டும் வெட்டித் தரச் சொல்லி, ஓரம் தைக்க ஷூ, பை தைப்பவரிடம் கொடுங்கள்; வீட்டுத் தையல் மெஷின் ஊசி அந்தத் தடிமனில் உடையும்.